வலம் சுற்றிய வண்ணச் சக்கரம்

எருத்தேன்பதி
24-1-1978

அன்புள்ள உங்களுக்கு,

கமலாத்தாள் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏழாம் மாதம் என்பதை நான் மறந்தாலும் இந்த ஊரில் யாரும் மறக்க விடுவதில்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக அப்பா உங்கள் பெயரைச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் நேற்று, “மலைக்காரருக்குக் காயிதம் போட்டாச்சா அம்மிணி?” என்று கேட்டார். அதுவே பெரிய இறக்கம் என்கிறாள் அம்மா.

இனி விஷயம். பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். மார்ச் 24 வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். அன்று ராத்திரி எட்டு மணிக்குச் சந்திர கிரகணம் பிடிக்கிறது, ஒன்பதுக்கு மேல் நிலா முழுக்க மறையும். அன்றைக்கு எனக்கு ஒன்பதாம் மாதம். அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்: “கெரகணத்தன்னிக்கு உன்னய நெல்லு அறையில வெச்சுப் பூட்டீருவேன். சன்னலுக்குச் சாக்குக் கட்டீருவேன். பேசப்படாது.” எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பந்தும் மெழுகுவர்த்தியும் வைத்துக் கிரகணம் நடத்தினவள் நான், எனக்கு இந்தக் கதி. சண்டை போடலாம். ஆனால் இரண்டு வருஷச் சண்டை இப்போதுதான் ஆறியிருக்கிறது, மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை.

ஆகவே நீங்கள்தான் படம் எடுக்க வேண்டும், அதுவும் நிறத்தோடு. கலர் பிலிமை நம்ப முடியாது. போன வருஷம் கழுவ மெட்ராசுக்கு அனுப்பிய சுருள் போனது போனதுதான். நாம் பேசிக்கொண்டிருந்த வழியே நல்லது. கறுப்பு வெள்ளை பிலிமில் ஒரே காட்சியை மூன்று தடவை எடுப்பது: சிவப்புத் தாள் வழியாக ஒன்று, பச்சைத் தாள் வழியாக ஒன்று, நீலத் தாள் வழியாக ஒன்று. பிறகு அந்த மூன்று படத்துக்கும் அந்தந்த நிற வெளிச்சம் கொடுத்துச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்தால் உண்மையான நிறம் வந்துவிடும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் மூன்றையும் மளமளவென்று எடுக்க வேண்டும். கையால் தாளை மாற்றினால் காமிரா மாட்டிய நம் தொலைநோக்கி ஆடும். அதனால் ஒரு சக்கரம், அதில் மூன்று ஓட்டை, திருப்ப ஒரு மோட்டார். நீங்கள் தேயிலை பேக்டரியில் பிட்டர், இனி உங்கள் பாடு. நாடக விளக்குக்குப் போடுகிற ஜெலட்டின் தாள் மூன்று இத்துடன் இருக்கிறது, மடிக்காதீர்கள்.

பிள்ளை பெரிதானதும் இந்தப் படத்தைக் காட்ட வேண்டும். நான் பார்க்காததை அந்தப் பிள்ளையாவது பார்க்கட்டும்.

கமலா

*

சூரியநெல்லி
2-2-1978

டீச்சரம்மாவுக்கு,

நல்லமுத்து எழுதிக்கொண்டது. தாள் மடியாமல் வந்தது, பத்திரமாக உன் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இங்கே உறைபனி. காலையில் தண்ணீர்க் குழாய் பேச மாட்டேன் என்கிறது.

மானேஜர் பங்களாவுக்குப் பின்னால் ஒரு செத்த ஜீப் நிற்குமே, கோழி அடைகிற ஜீப், அதிலிருந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றினேன். கேட்டுத்தான் கழற்றினேன். மழை துடைக்கிற மோட்டார் என்பதால் அவசரமில்லாமல் சுற்றுகிறது, நமக்கு அதுதான் வேண்டும். சக்கரத்துக்கு அலுமினியத் தகடு. விளிம்பில் அரத்தால் மூன்று பள்ளம் ராவியிருக்கிறேன். பட்டனை அமுக்கினால் சுற்றும், ஒரு சின்ன உருளை பள்ளத்தில் விழுந்ததும் கரண்டு அறுந்து நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் அடுத்த பள்ளம். முதல் நாள் நிற்காமல் ஒரேயடியாகச் சுற்றித் தகடு கழன்று அடுப்படி வரை போய்விட்டது. பக்கத்து லயத்து வீட்டுச் செபமாலையம்மாள் எட்டிப் பார்த்து, “ஏம்ப்பா, பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிட்டு வெடிகுண்டு செய்யுதியா?” என்று கேட்டாள்.

ஒரு சந்தேகம். மூன்று தாளையும் எந்த வரிசையில் ஒட்டுவது? சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? பாட்டரி வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் இந்தப் பக்கமும் சுற்றும், அந்தப் பக்கமும் சுற்றும், அதற்கு வஞ்சனை கிடையாது. நீ தெளிவாக எழுது.

ஷிப்டு முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. மோட்டாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால் உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன், அது எனக்கு வேண்டியிருக்கிறது.

நல்லமுத்து

*

எருத்தேன்பதி
9-2-1978

அன்புள்ள உங்களுக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவன் கோயிலில் வலம் வருகிறோமே, அதுதான் கணக்கு. கருவறைச் சுவரில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே துர்க்கை. வலமாக வந்தால் இந்த வரிசையில்தான் கும்பிடுவோம். சிவப்பைத் தட்சிணாமூர்த்தி என்று வையுங்கள், பச்சையை லிங்கோத்பவர், நீலத்தைத் துர்க்கை. காமிரா பக்கம் நின்று பார்க்கும்போது கடிகார முள் போகிற பக்கம்தான் வலம். தாள்களை அந்த வரிசையில் வலமாக ஒட்டுங்கள், சக்கரமும் வலமாகவே சுற்றட்டும். எப்போதும் சிவப்பில் தொடங்குங்கள். முதல் படம் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். பிலிமில் அப்படியே 1, 2, 3 என்று குறித்து அனுப்புங்கள். மூன்றுக்கும் ஒரே நேரம் கொடுங்கள். எழுதினபடி செய்யுங்கள், நடுவில் உங்கள் மூளையை நுழைக்காதீர்கள்.

முதலில் பகலில் ஏதாவது நிறமுள்ள பொருளைப் படம் எடுத்து அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க வேண்டும். அப்பா தந்த மூன்று டார்ச் விளக்கையும் பழைய லென்சுகளையும் வைத்து நெல் அறையில் மூன்று விளக்குப் பெட்டி செய்திருக்கிறேன். பூட்டப்போகிற அறைதானே, இப்போதே பழகிக்கொள்கிறேன்.

மாசித் திருவிழாவுக்கு வண்டன்மேட்டிலிருந்து உங்கள் அத்தை வருவார்களா? அவர் மகள் பூமாரியும் வருவாளா? உங்களுக்கென்று பேசி வைத்திருந்த பெண் இத்தனை நாளாகியும் கல்யாணம் ஆகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சும்மாதான் கேட்கிறேன்.

கமலா

*

சூரியநெல்லி
22-2-1978

டீச்சரம்மாவுக்கு,

சக்கரம் ஓடுகிறது! பட்டன், டிக், பட்டன், டிக். இருபது தடவை சுற்றியும் பள்ளம் தவறவில்லை. பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டேன், வெளிச்சம் புகாது. எஸ்டேட் வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் சாரே வந்து நான்கு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ சொன்னபடி சோதனைப் படம் எடுத்தேன். செடி கொடி இருந்தால் காற்றில் ஆடும் என்று, லயத்தின் வெள்ளைச் சுவரை மட்டும் எடுத்தேன். சுவர் முன்னால் துணிக்கொடியில் ஆடாமல் இழுத்துக் கட்டிய, நீ விட்டுப்போன பச்சைச் சேலை, கீழே பேக்டரியின் சிவப்புத் தீயணைப்பு வாளி. எழுதினபடியே ஒட்டினேன், எழுதினபடியே சுற்றவிட்டேன், 1, 2, 3 குறித்திருக்கிறேன். காமிராவில் கண் வைத்துப் பார்த்தபோது பச்சை கடைசியில் வருகிற மாதிரி எனக்கு ஒரு தோற்றம். அன்று சரியான மூடுபனி, கண் கலங்கியிருக்கும். என் கண்ணா உன் கடிதமா என்றால் உன் கடிதம்தான்.

தேயிலை லாரி ஓட்டும் காளிச்சாமி கோயமுத்தூர் போகிற வழியில் உன் வீட்டில் பிலிமைக் கொடுப்பான். ஒரு வாய் காபி கொடு.

திருவிழா நன்றாக நடந்தது. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

நல்லமுத்து

*

எருத்தேன்பதி
6-3-1978

அன்புள்ள உங்களுக்கு,

பிலிம் கிடைத்தது. காளிச்சாமி அண்ணன் காபி குடித்துக்கொண்டே, “வீட்டுல விருந்தாளுக வந்திருந்தாகளேம்மா, சிரிப்பும் சத்தமுமா இருந்துச்சே” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ சங்கையா பிலிமைக் கழுவி, வெளிச்சம் புகுகிற பாசிட்டிவ் பிலிமாகப் போட்டுக் கொடுத்தார். மூன்றையும் பெட்டிகளில் போட்டுச் சுவரில் சேர்த்தேன். நன்றாகச் சேர்ந்தது. சுவர் வெள்ளை. வாளி சிவப்பு. கொடியில் நீலச் சேலை.

அந்த நீலச் சேலை அழகாகத்தான் இருக்கிறது. என்னிடம் நீலத்தில் ஒன்றும் கிடையாது.

உடம்பு பரவாயில்லை.

கமலாத்தாள்

*

சூரியநெல்லி
13-3-1978

அன்புள்ள கமலா,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. உடம்பு பரவாயில்லை என்றால் நல்லதா, கெட்டதா? டாக்டர் என்ன சொன்னார்? ஒன்றும் எழுதவில்லையே.

நான் எடுத்தது பச்சைச் சேலை. நீ நீலம் என்கிறாய். மூன்று தடவை படித்தேன், எனக்குப் புரியவில்லை. கடைசியில் செபமாலையம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்: “மாசமா இருக்குதவ இன்னது வேணும்னு வாயத் தொறந்தா கேப்பா? சாடையாத்தான் சொல்லுவா. நீலச் சேலைக்கு ஆசப்படுதா அந்தப் புள்ள. இதுகூட வெளங்கல, நீயெல்லாம் மோட்டார் செய்யுதே!” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையே போடிக்கு இறங்கிப் போய், நல்ல நீலத்தில், ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட சேலை ஒன்று வாங்கினேன். காளிச்சாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிடித்திருக்கிறதா என்று எழுது. இன்னும் ஏதாவது ஆசை இருந்தால் நேராகவே எழுது, எனக்குச் சாடை பிடிபடாது.

தொலைநோக்கியைப் பேக்டரி மேட்டுக்குக் கொண்டுபோக ஆள் பேசிவிட்டேன். இன்னும் பதினொரு நாள்.

நல்லமுத்து

*

எருத்தேன்பதி
19-3-1978

உங்களுக்கு,

சேலை வந்தது. நீங்கள் இவ்வளவு துணிந்தவர் என்று நான் நினைக்கவில்லை. கொடியில் தொங்கினது ஒன்று, இப்போது எனக்கு ஒன்று. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்றா? ஒரே கடையில் ஒரே நிறத்தில் வாங்கினால் இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிடும் என்று நினைத்தீர்களா?

பச்சைச் சேலை என்று எழுதுகிறீர்கள், வருவது நீலச் சேலை. விசேஷமில்லை என்று எழுதுகிறீர்கள், காளிச்சாமி அண்ணன் விருந்தாளி என்கிறார். நான் படித்தது இயற்பியல். சுவர் வெள்ளையாக வந்திருக்கிறது, வாளி சிவப்பாக வந்திருக்கிறது, இரண்டும் சரியாக இருக்கும்போது சேலை மட்டும் எப்படித் தப்பாகும்? மனுஷர் பொய் சொல்வார்கள், பிலிம் சொல்லாது.

உங்களுக்காக இந்த வீட்டில் நான் எத்தனை பேச்சு வாங்கினேன் என்று தெரியுமா? அப்பா நேற்று, “அந்தக் குளுருல, அந்த ஒத்தை ரூம்புல பச்சைக் கொழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? இங்கயே இருந்துக்க அம்மிணி” என்றார். இதற்கு முன்னால் என்றால் எழுந்து போயிருப்பேன். நேற்று உட்கார்ந்தே இருந்தேன்.

கிரகணப் படம் எனக்காக எடுக்க வேண்டாம்.

கமலாத்தாள்

*

சூரியநெல்லி
26-3-1978

கமலா,

எடுத்துவிட்டேன். உன் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. அதற்குள் தொலைநோக்கி மேட்டுக்குப் போய்விட்டது, பாட்டரியும் போய்விட்டது. நீ வேண்டாமென்றால் பிள்ளைக்கு என்று எடுத்தேன்.

ஆபீஸ் பலகையில் மலையாளத்தில் ‘வெள்ளி அவதி’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அவதி என்றால் லீவு. எனக்கு நிஜமாகவே அவதி. அன்றைக்குப் பெரிய வெள்ளியும் சேர்ந்துகொண்டது. செபமாலையம்மாள் கூட்டம் சிலுவைப்பாதை முடித்து வந்து மேட்டில் உட்கார்ந்துகொண்டது. முருகன் கோயில் ஆட்கள் உத்திரத்துக் காவடியை மத்தியானமே முடித்து நடை சாத்திவிட்டு மேலே வந்தார்கள். எட்டரை மணி ஆகியும் பனி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பதுக்குக் காற்று அடித்து எல்லாம் விலகியது. அப்போது நிலாவில் ஒரு கீற்றுதான் வெள்ளையாக மிச்சம். பிறகு அதுவும் போய், பழைய செம்புக்காசு நிறத்தில் தொங்கியது. பட்டன், டிக், ஐந்து எண்ணிக்கை. பட்டன், டிக், ஐந்து எண்ணிக்கை. ஏழு தொகுதி எடுத்தேன். ஒரு தடவைகூடச் சக்கரம் ஏமாற்றவில்லை. ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தில் ‘அவள்’ என்று இருக்கிறது. எவள்? நான் ஒரு சேலைதான் வாங்கினேன். சத்தியமாக ஒன்றுதான். நீ என்ன படித்தாய், நான் என்ன எழுதினேன், நடுவில் என்ன நடந்தது, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அங்கேயே இருந்துவிடுவாய் என்று மட்டும் புரிகிறது. அது வேண்டாம் கமலா.

நல்லமுத்து

*

எருத்தேன்பதி
8-4-1978

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பார்சலை நான்கு நாள் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் கை வரவில்லை. திங்கட்கிழமை சங்கையாவிடம் கொடுத்துக் கழுவிப் பாசிட்டிவ் போட்டு வாங்கினேன். நேற்று மத்தியானம் நெல் அறையை இருட்டாக்கிவிட்டுச் சுவரில் போட்டேன். அம்மா பக்கத்தில் நின்றாள்.

நிலா வந்தது. எவ்வளவு அழகாக வட்டமாக வந்தது தெரியுமா? ஆனால் நிறம் ஊதா. நாவல்பழம் தின்ற வாய் நிறம். அம்மா உடனே, “இதென்னது? நான் களத்துல நின்னு பாத்தனே, செப்புக் கொடமாட்ட இருந்துச்சு. இது கத்திரிக்காயாட்ட இருக்குது” என்றாள். என்னைப் பூட்டிவிட்டுத் தான் மட்டும் பார்த்திருக்கிறாள்! அதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டேன். நீங்களும் செம்புக்காசு என்றுதான் எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் இரண்டு ஊரில் செம்பு என்கிறார்கள், என் சுவர் மட்டும் ஊதா என்கிறது. விளக்குகளைப் பார்த்தேன், தாள்களைப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் என்ன தோன்றியதோ, இரண்டாம் படத்தையும் மூன்றாம் படத்தையும் இடம் மாற்றிப் போட்டேன். செம்பு நிலா வந்துவிட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட எனக்கு நேரமில்லை. உங்கள் பிப்ரவரி மாதப் படத்தைத் தேடி எடுத்து, அதையும் மாற்றிப் போட்டேன். சுவர் வெள்ளை, வாளி சிவப்பு, கொடியில் என் பச்சைச் சேலை. முந்தானையில் நான் போட்ட ஒட்டுகூடத் தெரிந்தது. அப்படியே நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி என்று பிறகுதான் புரிந்தது. ஒரு தட்டில் குங்குமம், வெற்றிலை, துணிக்குப் போடுகிற நீலம் மூன்றையும் வலமாக வைத்து, தட்டையும் வலமாகத் திருப்பிப் பார்த்தேன். குங்குமத்துக்குப் பிறகு என் எதிரே வந்தது நீலம். கோயிலில் சாமி நிற்கிறது, நாம் நடக்கிறோம். உங்கள் சக்கரத்தில் நாம் நிற்கிறோம், சாமி நடக்கிறது! சாமியே வலமாக நடந்தால் தட்சிணாமூர்த்திக்கு அடுத்து துர்க்கைதான் வருவாள். மூன்று வருஷம் காலேஜில் படித்தவளுக்கு இது தெரியவில்லை. வெள்ளையில் மூன்று நிறமும் சமம் என்பதால் சுவர் தப்பித்தது. சிவப்பு முதலில் நின்றதால் வாளி தப்பித்தது. மாட்டினது என் சேலையும் நீங்களும்தான்.

உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பச்சை கடைசியில் வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியே இருக்கிறீர்கள். நான் அந்த வரியைப் படித்திருக்கிறேன். படித்தும் தாண்டிப் போயிருக்கிறேன்.

நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். பூமாரி வந்து தங்கினாள், அது அவள் சேலை என்று நினைத்தேன். தப்பு முழுவதும் என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய சேலையை இன்று கட்டியிருக்கிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் கமலா

*

சூரியநெல்லி
15-4-1978

அன்புள்ள கமலா,

மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. சக்கரம் சரியாகத்தான் சுற்றியது என்று தெரிந்ததே, எனக்கு அது போதும். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், இனி இடமாகச் சுற்றும். செபமாலையம்மாளிடம் சேலை விஷயத்தைச் சொன்னேன். வெட்கத்தில் மூன்று நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் தப்பு முழுவதும் உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அதை நான் அப்படியே வாங்கிக்கொண்டால் தூக்கம் வராது. நேற்று சித்திரை முதல் தேதி, லீவு. நாள் முழுக்க எழுதவா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன்.

பூமாரி வந்தாள். திருவிழாவுக்கு அத்தையோடு வந்து நம் வீட்டில் ஒரு மத்தியானம் இருந்தாள், சாப்பிட்டார்கள், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். காளிச்சாமி கேட்ட சிரிப்பு அத்தையுடையது. மோட்டார் சுற்றித் தகடு ஓடியதைச் சொன்னேன், அதற்கு அத்தை சிரித்தாள். ‘எவள்?’ என்று உன்னிடம் கேட்டேனே, அது பொய். கடிதம் வந்த ராத்திரியே எனக்குப் புரிந்தது. நீ முதலிலேயே வருவாளா என்று எழுதியிருந்தாய், சும்மாதான் கேட்கிறேன் என்றாய். சும்மா கேட்டதற்குச் சும்மா இருந்துவிட்டேன்.

மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். அத்தை வெளியே போனபோது பூமாரி சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூன்று தாள் வழியாகவும் வெளியே பார்த்தாள். பிறகு, “மாமா, அவுக பெரிய வீட்டுப் புள்ள. புள்ளையப் பெத்துக்கிட்டு இந்த லயத்துக்குத் திரும்பி வருவாகளா?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை கமலா, எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டாள். நான் சக்கரத்தை வாங்கி டப்பாவில் வைத்து மூடினேன். அவள் வந்ததை எழுதினால் அவள் கேட்டதையும் எழுத வேண்டும். கேட்டதை எழுதினால் நீ என்ன பதில் எழுதுவாயோ என்று பயந்தேன். அதனால்தான் விசேஷமில்லை என்று எழுதினேன்.

மோட்டாரைப் பற்றி நாம் இரண்டு பேரும் எத்தனை பக்கம் எழுதினோம். இதை ஒரு வரி கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பா அங்கேயே இருக்கச் சொன்னபோது நீ எழுந்து போகவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் தினமும் படிக்கிறேன்.

நல்லமுத்து

*

எருத்தேன்பதி
30-4-1978

அன்புள்ள உங்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண். சித்திரை ஒன்பதாம் தேதி விடிகாலை. நல்ல எடை, நல்ல குரல். உட்கார்ந்து எழுத இன்றுதான் விட்டார்கள்.

உங்கள் கடிதத்தை வலி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் படித்தேன். கோபம் வந்தது. பூமாரி வந்ததற்கு இல்லை, நீங்கள் பயந்ததற்கு. பிறகு யோசித்தேன், நானும் பயந்துதான் சேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். வேறு யாராவது வந்துவிட்டார்கள் என்று இருந்தால் நான் இங்கேயே இருந்துவிடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். இங்கே வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. அப்பா இன்று காலையிலும் அதையே சொன்னார். அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. குளிர் குளிர்தான், ஒற்றை அறை ஒற்றை அறைதான். அப்பா பேசி முடிக்கும் வரை கேட்டேன். பிறகு, நாற்பது நாள் கழிந்ததும் கிளம்புகிறேன் என்று சொன்னேன். அப்பா வண்டியைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், இன்னும் வரவில்லை. அம்மா குழந்தைக்குக் கம்பளிக் குல்லா பின்ன ஆரம்பித்திருக்கிறாள்.

பூமாரி கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்குச் சொல்லிவிடுங்கள்: வைகாசி இருபதாம் தேதி, பிள்ளையோடு, மூணாறு பஸ்ஸில். நான் வந்து சேர்ந்த பிறகு அவள் ஒரு நாள் சாப்பிட வரட்டும், நானே சமைக்கிறேன். நீங்கள் கேட்காமல் விட்டதற்கும் இதுதான் பதில். வருவேன்.

கமலா